கொதிநீரில் பழுத்த கம்பி

ஊசியைவிட மெலிந்த ஓர் உலோகக் கம்பி. அதைத் தண்ணீருக்குள் கிடைவசமாகக் கட்டி, மின்சாரம் பாய்ச்சுகிறார் ஒருவர். தண்ணீர் ஏற்கெனவே 100 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார். கம்பியிலிருந்து குமிழ்கள் கிளம்புகின்றன. மேலும் கூட்ட, மேலும் குமிழ்கள். கம்பி ஒன்றும் பெரிதாகச் சூடாகிவிடவில்லை. தண்ணீரைவிட இருபது, முப்பது டிகிரிதான் அதிகம். இன்னும் ஒரு சிட்டிகை கூட்டுகிறார். அவ்வளவுதான். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்திருக்கும்போதே கம்பி பழுக்கக் காய்ந்து, உருகி, அறுந்துபோகிறது.

இது நடந்தது ஜப்பானின் செண்டாய் நகரில், தோஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில். சோதித்தவர் ஷிரோ நுகியாமா, 1896-இல் பிறந்த இயந்திரப் பொறியாளர். கம்பி அறுந்தால் வேறு கம்பியை மாட்டிக்கொண்டு, இனி அந்த அளவுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கையாக இருப்பதுதான் ஆய்வகங்களின் வழக்கம். நுகியாமாவும் வேறு கம்பியை மாட்டினார். ஆனால் அந்த அளவைத் தாண்டிப் போவதற்காக மாட்டினார். 1934-இல் ஜப்பான் இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் வரைபடம், இன்று வெப்பப் பரிமாற்றம் படிக்கும் எந்த மாணவரும் தாண்டிப்போக முடியாத பக்கமாகிவிட்டது. ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் பணியைப் போற்றும்போது நூல்களையும் பட்டங்களையும் எண்ணிச் சொல்வார்கள். நுகியாமாவைப் பொறுத்தவரை இந்த ஒரு வளைகோட்டைப் புரிந்துகொண்டாலே போதும் என்பேன். அதில் அவர் அளக்காத, அளக்க முடியாத ஒரு துண்டும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தண்ணீர் கொதிப்பதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு பாத்திரத்தை அடுப்பில் வைத்து, மூடாமல், குனிந்து பார்த்தால் தெரியும். முதலில் அடித்தண்ணீர் சூடாகி மெல்ல மேலே எழும்; கண்ணுக்குத் தெரிவது ஒரு நெளிவு மட்டுமே. பிறகு அடியில், எப்போதும் அதே அதே இடங்களில், சின்னச் சின்னக் குமிழ்கள் முளைக்கும். பாத்திரத்தின் அடிப்பகுதி எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களும் பள்ளங்களும் உண்டு. அவற்றில் சிக்கிக்கொண்ட துளி காற்றும் ஆவியும்தான் குமிழின் விதை. விதை இல்லாத இடத்தில் 100 டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் சட்டென்று ஆவியாகிவிடாது. குமிழ் மிகச் சிறியதாக இருக்கும்போது நீரின் பரப்பு இழுவிசை அதை நசுக்கிவிடப் பார்க்கும். அதை எதிர்த்து வளர வேண்டுமானால் உலோகப் பரப்பு கொதிநிலையைவிடச் சில டிகிரியாவது கூடுதலாகச் சூடேறியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் எழும் குமிழ்கள் மேலே உள்ள குளிர்ந்த நீரில் பட்டு நசுங்கிப் போகும். கொதி வருவதற்கு முன் பாத்திரம் ‘உம்’மென்று பாடுகிறதே, அது இந்தக் குமிழ்கள் சாகும் சத்தம். தண்ணீர் முழுதும் சூடான பிறகு குமிழ்கள் பிழைத்து மேலே வந்துவிடும். பாட்டு நின்று, தளதளப்பு தொடங்கும்.

குமிழ்கள் வந்த பிறகு வெப்பம் கடக்கும் வேகம் பல மடங்காகிவிடுகிறது. ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 420 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், ஆவியாக்க மட்டும் சுமார் 2,257 கிலோஜூல் வேண்டும். ஆக ஒவ்வொரு குமிழும் பெரும் வெப்பத்தைத் தன்னோடு தூக்கிக்கொண்டு போகிறது. போகிறபோது சும்மா போவதில்லை. அது விட்டுப்போன இடத்துக்குப் புதுத் தண்ணீர் பாய்ந்து வருகிறது. கரண்டி இல்லாமலேயே பரப்பில் ஓயாத கலக்கல். நீர் ஆவியாகி இடம்பெயர்வதும் வெப்பம் இடம்பெயர்வதும் இங்கே ஒரே காரியத்தின் இரு முகங்கள். வெப்பப் பரிமாற்றத்தையும் பொருண்மைப் பரிமாற்றத்தையும் பொறியாளர்கள் பெரும்பாலும் ஒரே பாடமாகத்தான் படிக்கிறார்கள்.

எவ்வளவு வெப்பம் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். உச்சி வெயிலில் தரையில் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஏறக்குறைய 1 கிலோவாட். வீட்டிலுள்ள இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால், பாத்திரத்தின் அடிப்பரப்புக்கு, சதுர மீட்டர் கணக்கில், எழுபது கிலோவாட் அளவில் வரும். கொதிக்கும் தண்ணீர் ஒரு பரப்பிலிருந்து வாங்கிக்கொள்ளக்கூடிய உச்ச அளவோ சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 கிலோவாட். அதற்குச் சற்று மேலேயும் போகும். ஆயிரம் சூரியன்களின் வெயில்! அந்த வேகத்தில் போனால் ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு மணி நேரத்தில் ஒன்றரை டன்னுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்கிவிடும். நம் சமையலறைகள் இந்த உச்சத்துக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. நுகியாமாவின் கம்பி போனது. நீராவிக் கொதிகலன்கள் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பது அன்றைய பொறியாளர்களுக்குப் பெரிய கேள்வி. பெரிய கொதிகலனில் சோதித்துப் பார்க்க முடியாததை அவர் ஒரு கம்பியில் பார்த்தார்.

அவர் அளந்த விதம் அழகானது. அத்தனை மெல்லிய கம்பியில் வெப்பமானியை ஒட்ட முடியாது. ஒட்டினால் அதுவே அந்த இடத்தின் கொதிப்பைக் கெடுத்துவிடும். எனவே கம்பியையே வெப்பமானி ஆக்கினார். உலோகம் சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஒரு கருவியில் தெரியும். இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் இன்னொரு கருவியில் தெரியும். இரண்டையும் பெருக்கினால் கம்பி வெளிவிடும் வெப்பம் கிடைக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அதிலிருந்து கம்பியின் வெப்பநிலை. இரண்டே எண்கள்; ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியும் இப்படித்தான் பிறந்தது.

முதலில் கட்டிய நைக்ரோம் கம்பி உச்சத்தைத் தாண்டிய கணத்தில் உருகிவிட்டது. நுகியாமா பிளாட்டினத்துக்கு மாறினார். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். இப்போது உச்சத்தைத் தாண்டியதும் கம்பி அறுபடவில்லை. வெப்பநிலை மட்டும் ஒரே தாவலில் பல நூறு டிகிரி எகிறி நின்றது. 100 டிகிரித் தண்ணீருக்குள் ஒரு கம்பி செக்கச் செவேலென்று ஒளிர்ந்துகொண்டிருக்கிறது, அணையவில்லை. அதைச் சுற்றிலும் ஆவியாலான மெல்லிய உறை. தண்ணீர் கம்பியைத் தொடவே இல்லை.

அடுத்து, மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கம்பி வந்த வழியே திரும்பிவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அது திரும்பவில்லை. ஏறும்போது கம்பி எந்த அளவு வெப்பத்தில் தாவியதோ, அதைவிட மிகக் கீழே இறங்கிய பிறகும் ஆவி உறை விலகவில்லை. கம்பி சூடாகவே கிடந்தது. வெப்பம் உச்ச அளவின் ஒரு சிறு பங்காகக் குறைந்தபோதுதான் உறை பொட்டென்று உடைந்தது. தண்ணீர் பாய்ந்து கம்பியைத் தொட்டது. வெப்பநிலை சரேலென்று விழுந்து, பழைய குமிழ்க் கொதிப்புக்கு வந்து சேர்ந்தது. ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி வேறு. இரண்டுக்கும் நடுவே, எந்தப் புள்ளியும் விழாத வெற்றிடம்.

தாவல் ஏன் நேர்கிறது? குமிழ்கள் மிகுந்தால் அவை தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து ஆவித் தூண்களாக எழும்புகின்றன. மேலே போகும் ஆவியும் கீழே இறங்கும் தண்ணீரும் ஒரே இடத்தில் மோதுகின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த நெரிசல் புரியும். ஓர் அளவுக்கு மேல் இறங்கும் தண்ணீருக்கு வழியே இல்லை. பரப்பு வறண்டு, ஆவிப்படலம் மூடிக்கொள்கிறது. ஆவி, தண்ணீரோடு ஒப்பிட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட வெப்பத்தைக் கடத்தாது. கம்பிக்குள் மின்சாரம் மட்டும் அதே வெப்பத்தை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே போக வழியில்லாத வெப்பம் கம்பியிலேயே தேங்குகிறது.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்; நுகியாமாவின் பெருமை முழுவதும் இதில்தான் இருக்கிறது. வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு 1,500 வாட் என்றால், தண்ணீரில் இருந்தாலும் வெளியே எடுத்தாலும் அது ஏறக்குறைய 1,500 வாட்டைத்தான் வெளிவிடப் பார்க்கும். வெப்பத்தின் அளவை நாம் தீர்மானிக்கிறோம். வெப்பநிலையைச் சுற்றுப்புறம் தீர்மானிக்கிறது. அதனால்தான் சுவிட்சை அணைக்காமல் வெளியே எடுத்த ராடு சில நிமிடங்களில் கருகிவிடுகிறது. தெர்மோஸ்டாட் வைத்த இஸ்திரிப் பெட்டி இதற்கு நேர்மாறு. அங்கே வெப்பநிலையை நாம் வைக்கிறோம். எவ்வளவு வெப்பம் வெளியே போகும் என்பதைத் துணி முடிவு செய்கிறது.

நுகியாமாவின் கம்பி, ராடு ஜாதி. தன் வரைபடத்தின் நடுவில் இருக்கும் வெற்றிடம் இயற்கையின் வெற்றிடம் அல்ல, தன் சோதனை முறையின் வெற்றிடம் என்று அவர் கண்டுகொண்டார். உச்சத்துக்குப் பிறகு, பரப்பு சூடாகச் சூடாக வெளியேறும் வெப்பம் குறைந்துகொண்டே போகும் ஒரு பகுதி இருந்தே தீர வேண்டும் என்றார். சூடு ஏற ஏற வெப்பம் குறைவது கேட்பதற்கே முரணாக இருக்கும். ஆனால் பரப்பின் பெரும்பகுதியைத் தண்ணீர் தொடாமல் ஆவி மறைத்துக்கொண்டே வருகிறது என்று பார்த்தால் முரண் இல்லை. மின்சாரக் கம்பியால் அந்தப் பகுதியில் நிற்க முடியாது. வெப்பநிலை இம்மியளவு கூடினால் வெளியேறும் வெப்பம் குறையும்; குறைந்தால் தேக்கம்; தேங்கினால் இன்னும் சூடு. மலைச் சரிவில் வைத்த பந்தாகக் கம்பி உருண்டுவிடும். வெப்பநிலையை நம் கையில் வைத்துக்கொண்டு சோதித்தால் அங்கே நிற்கலாம் என்பது அவர் கணிப்பு. உச்சத்தையும், இறங்கும்போது உறை உடைந்த தாழ்வையும் இணைக்கும் அந்தக் கோடு, அளவீடு இல்லாமல், தர்க்கத்தால் மட்டும் வரையப்பட்டது. பரப்பு அதிகம் சூடானால் கொதிப்பு மந்தமாகும் என்பதை அவருக்கு முன்பும் ஓரிருவர் அங்கங்கே கவனித்திருக்கிறார்கள். முழுக் கோட்டையும் ஒன்றாகப் பார்த்தவர் இவர்தான்.

மூன்றே ஆண்டுகளில், 1937-இல், அமெரிக்காவில் ட்ரூ, மியூலர் என்ற இருவர் அந்தக் கோட்டின் மேல் நடந்து காட்டினார்கள். குழாய்க்குள் நீராவியைக் குளிரவிட்டு, குழாய்க்கு வெளியே குறைந்த கொதிநிலை கொண்ட ஒரு கரிமத் திரவத்தைக் கொதிக்கவைத்தார்கள். நீராவி எந்த அழுத்தத்தில் இருக்கிறதோ அதுதான் அதன் வெப்பநிலையை முடிவு செய்யும். எனவே அழுத்தத்தை மாற்றி வெப்பநிலையை விரும்பிய இடத்தில் நிறுத்த முடிந்தது. சூடு ஏற ஏற வெப்பம் குறைந்தது.

ஆவி உறை என்ற சங்கதி நமக்குப் புதிதல்ல. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம். அரைகுறையாகக் காய்ந்த கல்லில் தண்ணீர் ‘சொய்ங்’ என்று நொடியில் மறைந்துவிடும். நன்றாகக் காய்ந்த கல்லிலோ துளி உருண்டு திரண்டு, கல்லைத் தொடாமல் ஓடி விளையாடி, சாவகாசமாகத்தான் வற்றும். சூடு அதிகம், ஆனால் ஆயுளும் அதிகம். லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் துளித் தண்ணீரை விட்டு, இதைப் பற்றி 1756-இலேயே லத்தீனில் ஒரு நூல் எழுதினார். அவர் பார்த்தது வளைகோட்டின் தாழ்வுப் புள்ளிக்கு அப்பால் உள்ள பகுதியை. சூட்டுக்கோலைத் தண்ணீரில் தோய்க்கும் கொல்லர் இதே கோட்டில் மறுதிசையில், மேலிருந்து கீழே வருகிறார். முதலில் சத்தமில்லாத ஆவி உறை. உறை உடைந்ததும் பேரிரைச்சல். உறை எவ்வளவு நேரம் நிற்கிறது, எங்கே முதலில் உடைகிறது என்பதைப் பொறுத்து எஃகின் கடினத்தன்மை மாறும், சில நேரம் வளைந்தோ வெடித்தோ போகும். தண்ணீரைக் கலக்கிவிடுவதும் உப்புப் போடுவதும் அந்த உறையை நிற்கவிடாமல் செய்யும் தந்திரங்கள்.

1934-இல் அணுப்பிளவு கண்டுபிடிக்கப்படவில்லை. அதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஆனால் அணு உலையின் எரிபொருள் கம்பி, நுகியாமாவின் கம்பிக்கு நேர் வாரிசு. வெப்பம் உள்ளேயே பிறக்கிறது. வெளியே தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் வாங்கிக்கொள்கிறதா இல்லையா என்று எரிபொருள் கேட்பதில்லை. கூடங்குளத்தில் உள்ளவை போன்ற அழுத்த நீர் உலைகளில் தண்ணீர் 150 மடங்குக்கு மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதால் 300 டிகிரியைத் தாண்டியும் மொத்தமாகக் கொதிப்பதில்லை. கம்பியின் பரப்பை ஒட்டி மட்டும் குமிழ்கள் வரலாம். குமிழ்கள் வரட்டும், நல்லதே. படலமாக மாறக் கூடாது. மாறினால் கம்பியின் உலோக உறை சில நொடிகளில் சூடேறிச் சிதையத் தொடங்கும். எனவே ஓர் உலையின் உச்சத் திறனை முடிவு செய்யும்போது, எரிபொருளின் மிகச் சூடான இடம் இந்த எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்ப்பது கட்டாயம். அந்த எல்லையை அளக்க இன்றும் மின்சாரத்தால் சூடேறும் போலிக் கம்பிக் கட்டுகளைச் செய்து, தண்ணீரை ஓடவிட்டு, வெப்பநிலை தாவும் கணத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

நுகியாமா கொதிப்போடு நிற்கவில்லை. 1930-களின் இறுதியில் தனசாவா என்பவரோடு சேர்ந்து, காற்று வீச்சால் திரவம் தெறித்துத் துளிகளாவதை ஆராய்ந்தார். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளியை ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் நூறு கோடி துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு ஆயிரம் மடங்காகும். எஞ்சினுக்குள் பெட்ரோல் நொடியில் ஆவியாவதன் ரகசியம் இந்தப் பரப்பில்தான் இருக்கிறது. எண்ணெய் தடவிய கண்ணாடித் தகட்டில் துளிகளைப் பிடித்து, நுண்ணோக்கியின் கீழே வைத்து அளந்து எண்ணும் வேலை. பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாதது. அதிலிருந்து வந்த நுகியாமா–தனசாவா சமன்பாடு தெளிப்பான்கள் பற்றிய பாடநூல்களில் இன்றும் இருக்கிறது.

இவ்வளவும் ஜப்பானிய மொழியில் எழுதப்பட்டதால், போர்க்கால உலகில், கொதித்தல் கட்டுரையை வெளியே படித்தவர்கள் குறைவு. அதன் முழு ஆங்கில வடிவம் சர்வதேச வெப்ப, பொருண்மைப் பரிமாற்ற ஆய்விதழில் வெளிவந்தது 1966-இல்தான். முப்பத்திரண்டு ஆண்டுகள். அதற்குப் பிறகு, 1960-களின் பிற்பகுதியில், அத்துறையின் உயரிய கௌரவமான மேக்ஸ் யாக்கப் நினைவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. யாக்கப் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் குமிழ்கள் எப்படிப் பிறந்து பிரிகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். யூதர் என்பதால் நாட்டைவிட்டுப் போக நேர்ந்து, 1936-இல் அமெரிக்காவில் குடியேறினார். ஒரே காலத்தில், உலகின் இரு கோடிகளில், ஒரே குமிழைப் பார்த்துக்கொண்டிருந்த இருவர் ஒரு பரிசின் பெயரில் சந்தித்துக்கொண்டார்கள். நுகியாமா 1983-இல் காலமானார். 2012-இல் ஜப்பான் வெப்பப் பரிமாற்றச் சங்கம் அவர் பெயரிலேயே ஒரு சர்வதேசப் பரிசைத் தொடங்கியது.

அவர் கண்டுபிடித்த உச்சம் எங்கே வரும் என்று கணக்கிட முடியுமா? 1948-இல் சோவியத் விஞ்ஞானி குட்டடெலட்ஸே, அலகுகளை மட்டும் வைத்து ஒரு சூத்திரத்தைப் பிடித்தார். 1959-இல் நோவாக் சூபர், ஆவித் தூண்களுக்கும் இறங்கும் நீருக்கும் இடையிலான அலைகள் நிலைகுலைவதைக் கணக்கிட்டு ஏறக்குறைய அதே சூத்திரத்துக்கு வந்து சேர்ந்தார். விடை உண்மைக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது. ஆனால் அந்தச் சூத்திரத்தில் உலோகப் பரப்பைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. பரப்பில் நுண்ணிய தூண்களையும் துளைகளையும் செதுக்கினால் உச்சம் இரு மடங்குக்குக்கூட உயர்வதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. பரப்புக்கு இதில் பங்கு உண்டு. அதைக் கணக்குக்குள் முழுமையாகக் கொண்டுவருவதுதான் பாடு.

ஆனால் சூத்திரத்தில் புவியீர்ப்பு உண்டு. பூமியைச் சுற்றும் விண்கலத்துக்குள் அதன் விளைவு ஏறக்குறைய இல்லை. குமிழுக்கு ‘மேலே’ என்று ஒரு திசையே கிடையாது. பிறந்த இடத்திலேயே வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பரப்பை மூடிக்கொண்டு நின்றுவிடும். திரவத்தை வேகமாக ஓடவிட்டுத்தான் அதைப் பெயர்க்க வேண்டும். எவ்வளவு வேகம் போதும்? இதற்கு விடை தேட 2021-இல் நாசா ஒரு கொதித்தல் ஆய்வுக் கருவியைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது. அதில் தண்ணீர்கூட இல்லை. தண்ணீரைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு ஃப்ளோரின் சேர்மம். நீண்ட குறுகிய வழியில் அதை ஓடவிட்டு, சுவரைச் சூடாக்கி, வெப்பத்தைப் படிப்படியாகக் கூட்டி, சுவரின் வெப்பநிலை எப்போது தாவுகிறது என்று பூமியிலிருந்து பார்த்துக் குறித்துக்கொண்டார்கள்.